கைம்பெண்ணின் மனுவும் கைநாட்டின் மனுவும்

(செம்பாக்கத்தில் நடைபெற்ற படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செம்பாக்கத்திலே கூடியிருக்கும் நமக்கு, அமெரிக்க நாட்டுக் கைம்பெண் ஒருவர் 1863-ஆம் ஆண்டிலே வேண்டிப் பெற்ற மன்னிப்பைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஊர்க்கதை ஆயிரம் இருக்க, உலகக் கதை எதற்கு என்று கேட்கவும் கூடும். உலகக் கதையின் ஊடே நம் ஊர்க்கதையும் ஒளிந்திருக்கிறது என்பதனால்தான் பேச வந்திருக்கிறேன். இந்த ஊர் இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. ஏரி நீர் பாய்ந்த வயல்களின்மேல் இன்று மாடி வீடுகள் நிற்கின்றன. ஆனால் நாம் நிற்கும் இந்த மண், பழைய செங்கற்பட்டுச் சீமையின் மண். உழுதவன் ஒருவன், உரிமை பெற்றவன் வேறொருவன் என்று நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த மண். ஆகவே, ஆண்டையின் வீட்டிலே இழவு விழுந்தால் அரசு எப்படி இரங்குகிறது, அடிமையின் குடிசையிலே இழவு விழுந்தால் அதே அரசு எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிந்துகொள்ளும் கடமை, மற்ற எவரையும்விட நமக்கு அதிகம் உண்டு.

தோழர்களே! அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-இலே மூண்டது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தென் மாநிலங்கள் பிரிந்து சென்று தனிக் கூட்டணி அமைத்தன. அந்தப் பிரிவினையை எதிர்த்துப் போரை நடத்தியவர் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன். போர்க்களம் வெளியிலே இருந்தது. ஆனால் அவருடைய வீட்டுக்குள்ளேயும் ஒரு போர் இருந்தது. லிங்கனின் துணைவியார் மேரி, கெண்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரத்துச் செல்வக் குடும்பமான டாட் குடும்பத்தில் பிறந்தவர். அடிமைகளை வைத்து வாழ்ந்த குடும்பம் அது. மேரியின் தந்தைக்கு இரண்டாவது மனைவியின் வழியாகப் பிறந்த பெண்களுள் ஒருவர் எமிலி. 1836-இலே பிறந்தவர். லிங்கனுக்கு அவர் மகளைப் போன்றவர். தங்கை என்றே அழைத்து அன்பு பாராட்டியவர் லிங்கன்.

எமிலி மணந்தது பெஞ்சமின் ஹார்டின் ஹெல்ம் என்பவரை. கெண்டக்கியின் ஆளுநராக இருந்தவரின் மகன் அவர். போர் தொடங்கிய 1861-இலே, படையின் சம்பள அதிகாரியாகப் பதவி தருகிறேன் என்று ஹெல்முக்கு லிங்கன் அழைப்பு விடுத்தார். ஹெல்ம் அதை ஏற்கவில்லை. தென்னவர் படையிலே சேர்ந்தார். தளபதியானார். 1863 செப்டம்பரில் ஜார்ஜியாவிலே நடந்த சிக்கமாகா போரில் காயமுற்று மாண்டார். இருபத்தாறு வயதிலே எமிலி கைம்பெண் ஆனார். கையிலே மூன்று குழந்தைகள். இருப்பதோ தெற்கே. தாய்வீடோ வடக்கு அரசின் ஆட்சிக்குட்பட்ட கெண்டக்கியிலே.

சட்டத்தின் வலை

அந்தக் கைம்பெண்ணைச் சூழ்ந்திருந்த சட்டங்கள் எவை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1861 ஆகஸ்டில் ஒன்றும், 1862 ஜூலையில் ஒன்றுமாக இரண்டு பறிமுதல் சட்டங்களை வடக்கு அரசின் காங்கிரஸ் இயற்றியிருந்தது. கிளர்ச்சியில் ஈடுபட்டோரின் சொத்துக்களை அரசு கைப்பற்றலாம் என்பது அவற்றின் சாரம். கிளர்ச்சியாளரின் அடிமைகள் வடக்குப் படையின் எல்லைக்குள் வந்து சேர்ந்தால் அவர்கள் விடுதலை பெற்றவர்கள் என்று இரண்டாம் சட்டம் கூறியது. 1863 டிசம்பர் 8-ஆம் நாள் லிங்கன் பொதுமன்னிப்பு அறிக்கை ஒன்றை வெளியிட்டார். விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்வோருக்கு மன்னிப்பு உண்டு, சொத்துரிமையும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அடிமைகள் மீதான உரிமை மட்டும் திரும்பக் கிடைக்காது என்பது அந்த அறிக்கை. படைத் தளபதிகள் போன்ற உயர்நிலையினர் சிலர் அதற்குப் புறம்பாக வைக்கப்பட்டனர்.

எமிலியைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர உறவினர் வேண்டினர். இசைவு கிடைத்தது. வழியிலே மன்றோ கோட்டையில் நிறுத்தினார்கள். பிரமாணம் எடுத்துக்கொண்டால்தான் மேலே செல்லலாம் என்றார்கள். எமிலி மறுத்தார். கணவன் எந்தக் கொடிக்காக மாண்டானோ அந்தக் கொடியை அவன் புதைகுழி ஈரம் காயுமுன் பழிக்க மாட்டேன் என்பது அவருடைய நிலை. என்ன செய்வதென்று அதிகாரிகள் லிங்கனுக்குத் தந்தி அடித்தார்கள். என்னிடம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! போர் நடக்கிறது. நாள்தோறும் பிணங்கள் குவிகின்றன. அந்த நேரத்திலே எதிரித் தளபதியின் மனைவி வெள்ளை மாளிகையிலே விருந்தாளி! படைத்தலைவர் சிக்கில்ஸ், கெட்டிஸ்பர்க் போரிலே ஒரு காலை இழந்தவர், கொதித்தெழுந்தார். கிளர்ச்சிக்காரியை உங்கள் வீட்டிலே வைத்திருக்கலாகாது என்று லிங்கனின் முகத்துக்கு நேரே கூறினார். எங்கள் வீட்டு விருந்தாளியை நானும் என் மனைவியும் தேர்ந்தெடுத்துக்கொள்வது வழக்கம் என்று லிங்கன் விடையளித்தார். எமிலியின் மகள் 1928-இலே வெளியிட்ட நூலில் இந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது.

டிசம்பர் 14-ஆம் நாள் லிங்கன் தம் கையால் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். போரிலே மாண்ட தளபதி ஹெல்மின் மனைவி கெண்டக்கிக்குத் திரும்புகிறார், அவருடைய உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும், ஆனால் அடிமைகள் நீங்கலாக, அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அந்தத் தாளிலே எழுதினார்.

அடிமைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை! அந்த ஒரு வரிக்காகவே நான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

கருணையின் எல்லை

முதலிலே லிங்கனுக்கு உரிய பெருமையை உரியபடி அளித்துவிடுவோம். கணவன் செய்த குற்றத்துக்கு மனைவி பொறுப்பல்லள். எதிரியின் மனைவி என்ற காரணத்துக்காகவே ஒரு பெண்ணைத் தண்டிப்பது காட்டுமிராண்டித்தனம். போர் முடிந்த ஊரிலே தோற்றவன் வீட்டுப் பெண்ணைப் பழிவாங்கிய கதைகள் உலக வரலாற்றிலே ஏராளம். அந்த இழிவை லிங்கன் செய்யவில்லை. மூன்று குழந்தைகளோடு நின்ற பெண்ணுக்கு வழிவிட்டார். இதைக் குறை கூறுவோர் நம்மிலே எவரும் இருக்க முடியாது. கண்ணீரைப் பார்த்து ஏளனம் செய்பவன் எந்தக் கொள்கைக்கும் தொண்டனாக இருக்கத் தகுதியற்றவன்.

அதோடு, தம் கருணைக்கு எல்லையும் வகுத்தார் லிங்கன். 1864 ஆகஸ்டில், கெண்டக்கியிலே இருந்த படைத்தலைவர் பர்பிரிட்ஜ் எமிலியைக் கைது செய்ய முயன்றதாகவும், அவர் லிங்கனின் தாளைக் காட்டித் தப்பியதாகவும் வதந்தி வந்தது. உடனே லிங்கன் பர்பிரிட்ஜுக்கு எழுதினார். ஹெல்மின் கைம்பெண் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்குத் தீங்கு நேராதிருக்கவே அந்தத் தாள். அங்கே திரும்பிய பிறகு அரசுக்கு விரோதமாக அவர் ஏதும் பேசியிருந்தால், செய்திருந்தால், அதற்கு அது காப்பாகாது. அந்த அளவுக்கு அதை ரத்துச் செய்கிறேன். இப்போதைய நடத்தைக்கு, மற்ற எவரையும் நடத்துவது போலவே அவரையும் நடத்துங்கள் என்பது அந்தக் கடிதத்தின் செய்தி. மைத்துனியே ஆனாலும் சட்டத்தின் முன் மற்றவர் போலத்தான் என்றார். இன்று பதவியிலே இருப்போர், உறவினருக்குச் சலுகைச் சீட்டு எழுதிக் கொடுக்கும் முன்னால் இந்தக் கடிதத்தை ஒருமுறை படிக்கலாம்.

பிறகு எமிலி மீண்டும் வாஷிங்டன் சென்றார். தெற்கிலே தமக்கிருந்த பருத்தியை விற்க அனுமதி வேண்டினார். பிரமாணம் எடுத்தால் அனுமதி என்றார் லிங்கன். எமிலி மறுத்தார். வெறுங்கையோடு திரும்பினார். 1864 அக்டோபர் 30-ஆம் நாள் லெக்சிங்டனிலிருந்து லிங்கனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாய் நோய்ப்படுக்கையிலே கிடக்கிறார், உடன்பிறந்தவன் மாண்டான், உங்கள் துப்பாக்கிக் குண்டுகள்தாம் எங்களை இந்நிலைக்கு ஆளாக்கின என்று அதிலே குமுறினார். அந்தத் துயரம் பொய்யல்ல. அந்தக் கண்ணீர் நாடகமல்ல.

ஆனால் தோழர்களே, அந்தப் பருத்தியைப் பறித்த விரல்கள் யாருடையவை? அடிமைகளின் விரல்கள் விளைவித்த நாட்டிலிருந்து வந்த பருத்தி அது. அந்த விரல்களுக்கு உரியவர்கள் வெள்ளை மாளிகைக்கு விருந்தாளியாக வரவில்லை. அவர்களுடைய கண்ணீரை எழுதி அனுப்ப அவர்களுக்கு எழுத்தறிவு தரப்படவில்லை. தென் மாநிலங்கள் பலவற்றிலே அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றமாக இருந்தது!

அதே கெண்டக்கி, அதே ஆண்டு

எமிலி கடிதம் எழுதிய லெக்சிங்டனுக்குத் தெற்கே, அண்மையிலேயே, நெல்சன் முகாம் என்ற படைமுகாம் இருந்தது. கெண்டக்கி வடக்கு அரசை விட்டுப் பிரியாத மாநிலம். ஆகவே 1863 ஜனவரி முதல் நாளைய விடுதலை அறிக்கை அங்கே செல்லவில்லை. அங்கே அடிமை அடிமையாகவே இருந்தான். படையிலே சேர்ந்தால் மட்டும் அவனுக்கு விடுதலை. அவனுடைய மனைவிக்கு இல்லை. மக்களுக்கும் இல்லை.

ஜோசப் மில்லர் என்ற அடிமை 1864 அக்டோபரிலே அந்த முகாமுக்கு வந்து படையிலே சேர்ந்தார். நீ படையிலே சேர்ந்தால் உன் குடும்பத்துக்குச் சோறு போட மாட்டேன் என்று ஆண்டை கூறியிருந்ததால், மனைவி இசபெல்லாவையும் நான்கு பிள்ளைகளையும் உடன் அழைத்து வந்தார். முகாமிலே தங்கலாம் என்றார்கள். தங்கினார்கள். நவம்பர் 22-ஆம் நாள் மாலையிலே, குடும்பம் வெளியேற வேண்டும் என்று ஆணை வந்தது. மறுநாள் காலை, உறைபனிக் குளிரிலே, காவல் வீரர்கள் வந்து வண்டியிலே ஏற்றினார்கள். ஏழு வயதுப் பையனுக்கு உடல்நலமில்லை, வெளியே கொண்டுபோனால் இறந்துவிடுவான் என்று மில்லர் மன்றாடினார். வண்டியிலே ஏறாவிட்டால் சுட்டுவிடுவேன் என்றான் காவலன்.

அன்றிரவு அந்தப் போர்வீரர், சீருடையோடு, ஆறு மைல் நடந்து நிக்கலஸ்வில் என்ற ஊருக்குச் சென்று குடும்பத்தைத் தேடினார். கறுப்பு மக்களின் பழைய கூட்டக் கொட்டகை ஒன்றிலே அவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பையன் இறந்து கிடந்தான். மில்லர் அன்றிரவே முகாமுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மறுநாள் மீண்டும் நடந்து சென்று, தம் கையாலேயே குழி தோண்டி, தம் பிள்ளையைப் புதைத்தார்.

நவம்பர் 26-ஆம் நாள் இதையெல்லாம் சத்தியப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்தார். எழுத்தறியாதவர், ஆகவே கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி கீறினார். நம் நாட்டிலே கைநாட்டு என்கிறோமே, அதுதான். எமிலியின் கடிதத்துக்கும் இந்தக் கைநாட்டுக்கும் இடையே முழுதாக ஒரு மாதம்கூட இல்லை!

நானூறு பெண்களும் குழந்தைகளும் அந்தக் குளிரிலே விரட்டப்பட்டார்கள். அவர்களிலே 102 பேர் மாண்டார்கள். மில்லரின் குடும்பமும் தப்பவில்லை. 1865 ஜனவரியிலே மில்லரும் மாண்டார். எமிலியின் கையிலே குடியரசுத் தலைவர் எழுதிய காப்புத் தாள் இருந்தது. இசபெல்லாவின் கையிலே என்ன இருந்தது? நோயுற்ற பிள்ளை இருந்தது. கிளர்ச்சித் தளபதியின் மனைவிக்குப் பாதுகாப்பு! அரசுக்காகத் துப்பாக்கி ஏந்தியவன் மனைவிக்குப் பனிக்காடு!

இது லிங்கனின் திட்டமிட்ட கொடுமை என்று நான் கூறவில்லை. விரட்டியது முகாமின் தளபதி. கெண்டக்கியின் அடிமையாளர்கள் வடக்கை விட்டுப் போய்விடக்கூடாதே என்ற அரசியல் அச்சம் லிங்கனுக்கு இருந்தது. அவருடைய மௌனத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. அடிமைகள் நீங்கலாக என்று எழுதியதால், மனிதரை உடைமையாகத் திருப்பித் தர அவர் உறுதி கூறவில்லை. அந்த அளவுக்கு அது நன்மை. ஆனால் அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றபோது, அவர்களுக்கென ஒரு வாக்கும் அளிக்கவில்லை. கதவின் தாழ்ப்பாளை நீக்கினார். கைகொடுத்து வெளியே அழைக்கவில்லை. அந்த இடைவெளியிலேதான் மில்லரின் பிள்ளை செத்தான்.

அந்தக் கைநாட்டு வாக்குமூலம் வீண்போகவில்லை என்பதையும் கூற வேண்டும். நெல்சன் முகாமின் கொடுமை நியூயார்க் செய்தித்தாளிலே வெளிவந்தது. அரசு வெட்கியது. விரட்டியவர்களைத் திரும்ப அழைத்துத் தங்குமிடம் கட்ட ஆணை பிறந்தது. 1865 மார்ச் 3-ஆம் நாள், கறுப்புப் போர்வீரரின் மனைவி மக்களுக்கும் விடுதலை என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது. கெண்டக்கியிலே எஞ்சியிருந்த அடிமைகளுக்கு 1865 டிசம்பரிலே, அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாவது திருத்தத்தால்தான் விடுதலை கிடைத்தது. அந்தத் திருத்தத்துக்குக் கெண்டக்கி சட்டமன்றம் ஒப்புதல் அளித்தது எப்போது தெரியுமா? 1976-இலே!

மன்னிப்புக்கு விலை கொடுத்தவர் யார்?

லிங்கன் 1865 ஏப்ரலிலே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆண்ட்ரூ ஜான்சன் குடியரசுத் தலைவரானார். மே 29-ஆம் நாள் புதிய மன்னிப்பு அறிக்கை வந்தது. 20,000 டாலருக்குமேல் சொத்துள்ள கிளர்ச்சியாளர் தனித்தனியே மனுச் செய்ய வேண்டும் என்பது அதன் விதிகளிலே ஒன்று. குவிந்தன மனுக்கள்! ஆண்களும் எழுதினர், கைம்பெண்களும் எழுதினர். மன்னிப்பும் தாராளமாக வழங்கப்பட்டது. மன்னிப்போடு நிலமும் திரும்பிச் சென்றது.

எந்த நிலம்? 1865 ஜனவரியில் படைத்தலைவர் ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். தென் கரோலைனா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடற்கரையிலே ஆண்டைகள் விட்டோடிய நிலத்தை, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கருக்கு மிகாமல் பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற ஆணை அது. ஏறத்தாழ 40,000 பேர் குடியேறி, உழுது, விதைத்துவிட்டார்கள். ஆண்டை மன்னிப்புப் பெற்றதும், அந்த நிலத்தை அவனிடமே திருப்பிக் கொடு என்றார் ஜான்சன்.

அந்தச் செய்தியைச் சொல்ல, 1865 அக்டோபரிலே எடிஸ்டோ தீவுக்கு அனுப்பப்பட்டவர் படைத்தலைவர் ஹோவர்ட். போரிலே வலக்கையை இழந்தவர். நல்ல மனிதர். ஆண்டைகளை மன்னித்துவிடுங்கள் என்று அம்மக்களிடம் கேட்டுக்கொண்டார். ஹென்றி பிராம், இஷ்மேல் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்சன் என்ற மூவர் ஊர் மக்கள் சார்பாக எழுதிய விடையின் கருத்தை என் சொற்களிலே கூறுகிறேன்: ஐயா, நீங்கள் போரிலே இழந்தது வலக்கையை. அதனால் நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்திலே கட்டி முப்பத்தொன்பது அடி அடித்தவன், என் தாயையும் தங்கையையும் உரித்து அடித்தவன், இன்று நிலத்தையும் என்னிடமிருந்து பறித்து, தன் வயலிலே தான் சொன்ன கூலிக்கு உழைத்தால்தான் காலிக் குடிசையிலே இடமுண்டு என்கிறானே, அவனை மன்னிப்பது என்னால் இயலாது.

இதைவிடத் தெளிவாக மன்னிப்பின் கணக்கை எழுதியவர் எவரும் இல்லை என்பேன். மன்னிப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர் என்றால், அது மன்னிப்பாகாது. பிறர் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் தருமம்!

பிரிட்டனும் இதையே செய்தது. 1833-இலே அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது, இரண்டு கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! அடிமைகள் மூலம் வருவாய் பெற்ற கைம்பெண்களும் அந்த வரிசையிலே நின்று பணம் பெற்றார்கள். அடிமைப்பட்டவருக்கு ஒரு செப்புக் காசும் இல்லை. அந்தச் சட்டமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிக்குச் செல்லாது என்று விலக்கு எழுதி வைத்தார்கள். அதாவது, நமக்குச் செல்லாது!

நம் சீமையின் மௌனம்

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன். செங்கற்பட்டுச் சீமை மிராசுச் சீமை. மிராசுதாரின் நிலத்தோடு உழைக்கும் ஆளும் ஒட்டிக்கொண்டிருந்தான். படியாள் என்றும் பண்ணையாள் என்றும் பெயர் மாறியதே தவிர, நிலை மாறவில்லை. நிலத்தை விற்கும் ஓலையிலே ஆளையும் சேர்த்து எழுதிய காலம் ஒன்று தமிழ்நாட்டிலே இருந்தது. நமக்கு அமெரிக்கா நெடுந்தூரம். ஆனால் ஆண்டையும் அடிமையும் அயலூர்க்காரர் அல்லர்.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் வந்தது. அடிமை மீதான உரிமையை இனி எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றது. 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. நல்ல சட்டங்கள். ஆனால் விடுதலை பெற்றவன் எந்த நிலத்திலே நிற்பான்? எந்த மனையிலே உறங்குவான்? என்ன கூலி பெறுவான்? இவை பற்றி அந்தச் சட்டங்கள் என்ன கூறின? லிங்கனின் தாளிலே இருந்த அதே விடைதான்: ஒன்றும் சொல்லவில்லை!

அந்த மௌனத்தின் விளைவை 1891-இலே செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் எழுதினார். சேரியிலே உள்ள மனைகூட மிராசுதாருக்கே உரியது. எதிர்த்துப் பேசினால் குடிசையிலிருந்து வெளியேற்றிவிடலாம். சிறிய கடனுக்காகத் தந்தையும், தந்தைக்குப் பின் மகனும் ஒரே வீட்டிலே உழைத்துத் தேய்கிறார்கள் என்ற நிலைமையை அரசின் முன்வைத்தார். நிலம் கொடுங்கள், மனை கொடுங்கள், கல்வி கொடுங்கள் என்பது அவர் வேண்டுகோள். அதன் பின்னர் 1892-இலே பிறந்த அரசாணையின் வழியே ஒதுக்கப்பட்ட நிலத்தைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். ஒடுக்கப்பட்டவர் தவிர வேறெவர் கைக்கும் அது செல்லலாகாது என்பது நிபந்தனை.

சென்றதா, இல்லையா? சென்றது! கடனுக்கு ஈடாகச் சென்றது. கைநாட்டு வைத்த தாளிலே சென்றது. அதை மீட்க இதே செங்கற்பட்டு மாவட்டத்தின் காரணை ஊர் மக்கள் எழுந்தபோது, 1994 அக்டோபர் 10-ஆம் நாள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலே ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். எடிஸ்டோ தீவிலே கேட்ட கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள்: எங்களுக்கென்று கொடுத்த நிலம் எங்கே?

மௌனத்தை உடைத்த சட்டங்களும் நம்மிடம் உண்டு. 1971-இலே தமிழ்நாடு சட்டமன்றம் குடியிருப்பு மனைச் சட்டத்தை இயற்றியது. பிறர் மனையிலே குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே உரிமையாயிற்று. டிரெமன்ஹீர் எழுதி எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்! 1976-இலே நாடு முழுதும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமையின் கடன் அன்றோடு அழிந்தது; அதை வசூலிப்பவன் குற்றவாளி; மீட்கப்பட்டவனைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றலாகாது என்று அந்தச் சட்டம் வகுத்தது. இங்கேதான் வேறுபாட்டைக் காண்கிறோம். இந்தச் சட்டங்கள் உழைப்பவனைப் பெயர் சொல்லிப் பேசின. அவன் எங்கே உறங்குவான் என்று கேட்டன. ஆயினும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் அந்தச் சட்டத்துக்குப் பின்னும் வந்திருக்கின்றன. சட்டம் பேசினால் போதாது. பேசியதைச் செய்ய வைக்க ஆள் வேண்டும்.

நம் கடமை

தோழர்களே! இரக்கத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. எமிலிக்கு வழிவிட்டது சரி. நாளை நம் எதிரியின் வீட்டுக் கைம்பெண் நம் வாயிலிலே நின்றாலும் நாம் வழிவிடத்தான் வேண்டும். ஆனால் கருணை மனு எதுவானாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மன்னிப்பு எந்தக் குற்றத்துக்கு, எந்த நாள் வரைக்கும்? இதை லிங்கன் கேட்டார், பர்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதத்திலே விடையும் கூறினார். மன்னிப்போடு திரும்பச் செல்லும் உடைமை யாருடைய வியர்வை? இதை எடிஸ்டோ மக்கள் கேட்டார்கள். ஜான்சன் விடை கூறவில்லை. இந்த மனுவிலே பெயர் எழுதப்படாதவர் யார்? இந்த மூன்றாவது கேள்வியை எவரும் கேட்காவிட்டால், அதை நாம் கேட்க வேண்டும்.

வசதியுள்ளவருக்கு மனு எழுத வழக்கறிஞர் உண்டு, உறவினர் உண்டு, மாளிகையிலே இருப்பவரைத் தெரிந்தவர் உண்டு. கைநாட்டுக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்? நெல்சன் முகாமிலே ஒருவர் உட்கார்ந்து, மில்லர் சொல்லச் சொல்ல, நாளும் நேரமும் ஊரும் பிழையாமல் எழுதிக்கொண்டார். அந்தத் தாள்தான் விரட்டியவர்களை வெட்கப்பட வைத்தது. பேரரசர்களின் அறிக்கைகளை மனப்பாடம் செய்வதைவிட, அந்த எழுத்தரின் வேலையைக் கற்றுக்கொள்வது நமக்கு நல்லது.

படிப்பகத்திலே நாளிதழ் படிக்கிறோம், நல்லது. வாரத்திலே ஒரு மாலை, அதே மேசையின் முன் ஒருவர் தாளும் பேனாவுமாக உட்காரட்டும். மனைப்பட்டா கிடைக்காதவர், கூலி நிறுத்தப்பட்டவர், முன்பணத்தால் கட்டுண்டவர், ஓய்வூதியத்துக்கு அலையும் ஏழைக் கைம்பெண் எவர் வந்தாலும், அவர் சொல்வதை நாள், இடம், தொகை தவறாமல் எழுதிக் கொடுக்கட்டும். படித்துக் காட்டட்டும். பிறகு கையொப்பம் பெறட்டும். நகல் ஒன்றை எடுத்து வைக்கட்டும். அலுவலகத்திலே ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று இனி எந்த அரசும் எழுத முடியாதபடி, அவர்களைப் பற்றி நாம் எழுதிக்கொண்டே இருப்போம். வரும் வாரமே அந்த மேசையைப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.